எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

1

இந்தக் கதை வண்ணார்பேட்டையில் ஒரு பட்டறையில் பிறந்தது. என் பழைய காரின் இன்ஜினைப் பிரித்துக் கோத்த மெக்கானிக், அதை முதன்முதலாக ஓடவிட்டதும், எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்தபடி மூச்சடக்கி நின்றார். வாய் ஓயாத மனிதர். இந்தத் தாமிரபரணிக் கரையில் முதன்முதலில் அப்படி நின்றது யாராக இருக்கும் என்று யோசித்தேன். யோசனை 1914க்கு, முக்கூடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

2

முதல் தொடக்கம்: 'தாமிரபரணி சலசலத்து ஓடிய ஒரு பங்குனிக் காலையில்...'

(வேண்டாம். ஆறு அதன்பாட்டுக்கு ஓடட்டும்.)

இரண்டாவது: தேவசிகாமணி, மிராசுதார் தாணுமாலையனின் மோட்டார் டிரைவர். எண்ணெய் ஏறாமல் இன்ஜினுக்குள் ஈயம் உருகி, வண்டி ஒருமுறை படுத்துவிட்டது.* இரண்டு மாதமாக அவனே ஈயம் வார்த்து, சுரண்டிக் கோத்திருக்கிறான். மறுபடி உருகினால் வேலை போய்விடும். கொழும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற வேண்டியதுதான், கல்யாணமாகி ஆறே மாதமான சாலோமியை விட்டுவிட்டு.

(* சுழலும் தண்டுக்கு அடியில் ஈயப் படுகை உண்டு. எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.)

3

அன்று காலை அவன் சாலோமியிடம் சொன்னது: "நல்ல எண்ணெயாப் பாத்து ஊத்திவையி." அவன் நினைத்தது தூத்துக்குடியிலிருந்து வந்த இன்ஜின் எண்ணெய் டின்னை.

இங்கேதான் எனக்குச் சந்தேகம். சாலோமி மிஷன் பள்ளியில் படித்தவள். அவளை ஏமாளியாக்க எனக்கு மனமில்லை. ஆனால் விளக்கெண்ணெயில் ஓடும் மோட்டாரும் உண்டு என்று அவளிடம் அளந்தவன் அவனேதான். அப்புறம், 'நல்ல எண்ணெ', 'நல்லெண்ணெ' இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். குற்றம் புணர்ச்சி இலக்கணத்தின் மேல்.

4

சாலோமி வண்டிக்குள். ஒரு கை நிறுத்தும் விசைமேல், கண் பித்தளைக் குமிழ்மேல். எண்ணெய் ஏறினால் குமிழ் எழும்பும்.

"பத்து எண்ணுததுக்குள்ள எழும்பலைன்னா விசையத் தட்டிவிட்டுரு, என்னா?"

"சரி அத்தான்."

அவன் முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றினான். இன்ஜின் உறுமியது. நிமிர்ந்தவன் கண்ணில் சக்கரத்தின் அருகே கிடந்த காலி ஜாடி பட்டது. அடுக்களை ஜாடி.

"ஏட்டி, எந்த எண்ணெய ஊத்துன?"

"நீங்க சொன்ன நல்லெண்ணெதான். அஞ்சு... ஆறு..."

(இங்கே அவனைக் கத்தவிட்டு எழுதினேன். அடித்துவிட்டேன்.)

மாதம் முழுக்கத் தாளிக்க வைத்திருந்த எண்ணெய். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் அவனுக்காகக் கவிழ்த்திருக்கிறாள்.

"எழும்புதா?"

"ஏழு... எட்டு..."

அப்புறம் ஒன்பது வரவில்லை.

"எட்டே கால்... எட்டரை..."

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். தேவசிகாமணிக்குப் புரிந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்தபடி, "பைய எண்ணு, பிள்ளா" என்றான்.

5

குமிழ் எழும்பும் முடிவு ஒன்றும், எழும்பாத முடிவு ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. எழும்பாததைக் கிழித்துப்போடத் துணிவில்லை. எழும்புவதை எழுத எனக்கு உரிமையும் இல்லை, நான் அவர்களை ரொம்பவே நேசித்துவிட்டேன்.

பத்து வரை எண்ணும் வேலை இனி உங்களுடையது. எட்டே முக்காலிலிருந்து தொடங்குங்கள். அவசரமே வேண்டாம்.