மன்னிப்புக் கேட்கும் நேரம்

சாம்பெங் சந்தையில் துணி விற்ற வீட்டில் பிறந்தவன் நான். தொண்டை கிழியக் கூவினாலும் வாங்குபவன் காதில் விழுந்தால்தான் வியாபாரம். ஈரலும் அப்படித்தான். இன்சுலின் வந்து கூவும். கேட்டதற்கு அடையாளமாக ஈரல் செல் ஒரு பாஸ்பேட்டைப் பூட்டிக்கொள்ளும். பின்னாலேயே ஒரு நொதி வந்து அதைக் கழற்றிவிடும். அந்த நொதி மிஞ்சிப்போனால் ஈரல் செவிடு. சர்க்கரை நோய்க்கு அது ஒரு வாசல்.

பாகற்காய்ச் சாறு அந்த நொதியைக் குறைக்கும் என்று நம்பியவள் வாருணி. பாங்காக் ஆய்வுக்கூடத்தில் எனக்கு அடுத்த மேசைக்காரி; என்னை 'ஹியா', அதாவது அண்ணன், என்றே கூப்பிடுவாள். கொழுத்த எலிகளுக்குச் சாற்றைத் தினமும் அவளே ஊட்டினாள். சாறு குடிக்காத எலிகள் என் பொறுப்பு. பலன் இல்லையென்றால் ஆய்வை இழுத்து மூடுவதாக ஆச்சான், அதாவது எங்கள் பேராசிரியர், சொல்லியிருந்தார். அவள் வேலையும் அதோடு போகும்.

எலிகளை வெட்டி, ஈரலை அரைத்துப் படத்தாளில் பதித்தபோது, என் எலிகளின் ஈரலில் அடையாளம் கறுப்புக் கோடாக விழுந்தது. அவளுடையதில் வெறும் நிழல்.

"பாகக்காய இனி சூப்புல போட்டுக்கலாம்" என்றார் ஆச்சான்.

எனக்குச் சந்தேகம். அவள் வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் இளம்பெண்கள் தங்களை 'நூ' என்று சொல்லிக்கொள்வார்கள். எலிக்கும் அதே சொல்தான். ஒவ்வோர் எலி செத்ததும் கைகூப்பி, "நூவ மன்னிச்சிடு, நூ" என்று முணுமுணுப்பாள். ஈரல் அதுவரை சூடாகவே கிடக்கும். உயிர் போனாலும் நொதி கடையைச் சாத்துவதில்லை. நானோ வெட்டிய கையோடு திரவ நைட்ரஜனில் போட்டு உறையவைத்துவிடுவேன்.

அந்தத் தாமதத்தில்தான் நொதி அடையாளத்தைக் கழற்றிவிடுகிறது என்று அவளிடம் சொன்னேன். ஒரு யோசனையும் சொன்னேன்.

"முன்கூட்டியே கேட்டுடேன். அட்வான்ஸ் மாதிரி."

"செய்றதுக்கு முன்னாடி கேட்டா அது மன்னிப்பு இல்ல, ஹியா. லஞ்சம்."

ஆச்சானிடம் அவளே போய் ஒப்புக்கொண்டாள். மிச்சமிருந்த எலிகளை அவர் கொடுத்தார். இம்முறை இரண்டு வகையையும் அவளே வெட்டினாள். கைகூப்பவில்லை, உதடும் அசையவில்லை. சாறு குடித்தவற்றின் கோடுதான் அதிகக் கறுப்பு.

ஆச்சான் மகிழ்ந்துபோனார். கை இப்போதுதான் பழகியிருக்கிறது என்று பாராட்டி, இரண்டு மடங்கு எலிகளுக்குச் சொல்லி அனுப்பினார்.

"இனி எல்லாத்தையும் இப்படித்தானா, ஹியா?"

"இப்படித்தான்."

தலையாட்டிவிட்டுப் பாகற்காய் நறுக்கப் போனாள்.