செப்டம்பர் தண்ணீர்

ரஷாத் இறந்துவிட்டதாகப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அல்-மினா ஊர் முழுக்க அறிவித்தபோது, அந்தச் சத்தத்தில்தான் அவர் கடலோரப் பாறையில் கண்விழித்தார்.

அந்தப் பாறையிலிருந்து நாற்பது வருஷம் தினமும் கடலில் குதித்தவர். போன வருஷம் இதயம் ஓய்ந்துபோக, பெய்ரூத்தில் நெஞ்சுக்குள் ஒரு பம்ப் வைத்தார்கள். வயிற்றிலிருந்து ஒரு வயர் இடுப்புப் பைக்கு வரும். பையில் ஒரு ஜோடி பேட்டரி. இப்போது படி ஏறுகிறார், மீன் கடைக்குப் போகிறார், மனைவி ஹியாமோடு சண்டை போடுகிறார். ஆனால் வயர் வெளியே வரும் இடத்தில் ஈரம் படக் கூடாது. கடலைப் பற்றிக் கேட்டதும் டாக்டர் தலையாட்டி மறுத்துவிட்டார். மாற்று இதயம் கிடைத்தால் நீந்தலாம். பட்டியலில் பெயர் இருக்கிறது, பதினான்கு மாதமாக.

பாறைப் பக்கமே போகக் கூடாது என்று ஹியாம் சத்தியம் வாங்கியிருந்தாள். கரண்ட் பெரும்பாலும் இல்லாத ஊரில், தெருவுக்கே பொதுவான ஜெனரேட்டர் ஐந்து மணிக்கு நிற்பதற்குள் மாற்று பேட்டரிகளைச் சார்ஜ் ஏற்றி வைப்பது அவள் பொறுப்பு. அன்று மதியம் அவள் தங்கை வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, ரஷாத் வயிற்றில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டு கிளம்பினார். இடுப்புவரை இறங்கினால் போதும். ஷூவைக் கழற்றியவர் வெயிலில் அப்படியே தூங்கிப்போனார்.

பதினோரு வருஷம் கழித்து சிட்னியிலிருந்து வந்திருந்த பழைய கூட்டாளி பத்ரி அவரைத் தேடிக்கொண்டு பாறைக்கு வந்தார். பம்ப் விஷயம் அவருக்குத் தெரியாது. கூப்பிட்டுப் பார்த்தார், ரஷாத் என்றைக்குமே லேசில் எழுந்தவரில்லை. மணிக்கட்டைப் பிடித்தார், கழுத்தைத் தொட்டார். நாடி இல்லை. எப்படி இருக்கும்? அந்தப் பம்ப் துடிப்பதில்லை. குழாய்த் தண்ணீர்போல ரத்தத்தை ஓயாமல் ஓட்டுகிறது. பத்ரி அழுதுகொண்டே பள்ளிவாசலுக்கு ஓடினார்.

திரும்பி வந்தவர் விறைத்துப்போய் நின்றார்.

"டேய், நீ செத்துட்டடா."

"கேட்டுச்சு. அப்பா பேரக்கூட சரியா சொன்னாங்க."

ரஷாத் பம்ப் விஷயத்தைச் சொன்னதும், அறிவிப்பை ரத்துசெய்யச் சொல்ல பத்ரி மறுபடி ஓடினார்.

ஹியாம் ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தாள். அவர் நெஞ்சில் காதை வைத்தாள். ஃபிரிட்ஜ் மாதிரி மெல்லிய இரைச்சல் கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகுதான் சட்டைக்கடியில் ஏதோ சரசரப்பது கையில் தட்டுப்பட்டது.

"இது என்ன, ரொட்டி சுத்துற தாளா? இத வெச்சு கடல ஏமாத்தலாம்னு பாத்தியா?"

"இடுப்பு வரைக்கும்தான் ஹியாம். ஒரே ஒரு தடவ."

இடுப்புப் பை கீச்சிட்டது. பேட்டரி இறங்குகிறது. அவள் எழுந்தாள். வீட்டுக்குத்தான் என்று நினைத்து அவர் ஷூவைத் தேடினார். அவளோ மிச்சமிருந்த செருப்பையும் கழற்றிவிட்டுப் பாறையிலிருந்து இறங்கினாள். கல்யாணமான முப்பது வருஷத்தில் கடலில் கால் நனைக்காதவள், அங்கி நனைய, இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"மேல வெதுவெதுன்னு இருக்கு. கால்கிட்ட சில்லுனு."

"செப்டம்பர்ல அப்படித்தான்" என்றவர் குரல் இறங்கியிருந்தது. "இன்னும் ரெண்டடி போயேன்."

பை மறுபடி கீச்சிட்டது. அவள் திரும்பி அதைப் பார்த்தாள். அவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு ஓரடி போனாள்.