திரி வைத்த இடம்

மேலாளர் என் மேசையோரம் சாய்ந்து நின்று ஆரஞ்சுப் பழம் தின்றுகொண்டிருந்தார். கொட்டைகளை ஒவ்வொன்றாக நாக்கு நுனிக்குக் கொண்டுவந்து, விசைப்பலகைக்குப் பக்கத்தில் கிடந்த காகிதத்தின்மேல் துப்பினார். அந்தக் காகிதம் எரிந்துபோன ஸ்விட்ச் பெட்டியின் புகைப்படம். "திரிய இன்னும் கொஞ்சம் கீழ இறக்கும்மா" என்றார். இறக்கினேன்.

திரி என்பது எங்கள் அறைக்குள் மட்டும் புழங்கும் சொல். எங்களுடையது மின்சார ஸ்விட்ச் பெட்டிகள் செய்யும் கம்பெனி. பெட்டிக்குள்ளே ஒரு தாமிரப் பட்டையிலிருந்து இன்னொரு பட்டைக்கு மின்சாரம் காற்று வழியாகவே பாய்ந்து எரிந்தால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் நடத்திப் பார்ப்பது என் வேலை. முதலில் பெட்டியை வரைய வேண்டும். உள்ளே இருக்கும் காற்றைப் பல லட்சம் சின்னக் கட்டங்களாக நறுக்க வேண்டும். எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் ஊட்ட வேண்டும். இத்தனை செய்தாலும் தீ பிடிக்காது. குளிர்ந்த காற்றில் மின்சாரம் பாயாது என்பதுதான் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த நியாயம். ஆகவே எங்கே ஆரம்பித்தது என்று நாம் நினைக்கிறோமோ, அங்கே கொதிக்கும் காற்றில் மெல்லிய இழை ஒன்றைக் கையால் வைத்துவிட்டு ஓடவிடுவோம். அதுதான் திரி. அறிக்கையில் அதற்குத் தொடக்க நிலை அனுமானம் என்று கௌரவமான பெயர். அதன்பிறகு தீ தன் இஷ்டத்துக்கு வளைந்து ஓடும், எல்லாரும் வாயைப் பிளந்து அதைத்தான் பார்ப்பார்கள். திரியை வைத்தது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன் எங்கள் எலக்ட்ரீஷியன் புகைப்படத்தில் இருக்கும் அந்தப் பெட்டியைத் திறந்தார். கருகல் வாடை வருகிறது என்று புகார் வந்து, பார்க்கப் போன இடம். கதவைத் திறந்த கையோடு வெடித்தது. இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டன. இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவர். விசாரணையில் அவர் கவனக்குறைவு என்று முடிவானால் லைசென்ஸ் போய்விடும், அதற்குப் பிறகு ஒரு பல்பு மாட்டக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நான் முதலில் திரியை மேல் பட்டையின் போல்ட்டில்தான் வைத்தேன். போல்ட் சரியாக முறுக்கப்படாமல் இருந்தால் அங்கேதான் சூடாகும். ஓடவிட்டால், கரி கதவின் இடது மேல் மூலையில் போய் அப்பியது. புகைப்படத்திலும் அதே மூலை. காட்டினேன். மேலாளர் பாதிகூடப் பார்க்கவில்லை.

"பெட்டிய முறுக்கி அனுப்புனது யாரு? நாமதானே?"

"ஆமா சார்."

"அப்புறம் எப்படிம்மா போல்ட் லூசா இருக்கும்?"

அவரே ஒரு ஸ்பேனரையும் கண்டுபிடித்தார். எலக்ட்ரீஷியன் கைதவறி ஸ்பேனரைக் கீழ்ப் பட்டையில் போட்டுவிட்டாராம். சம்பவ இடத்தில் ஸ்பேனரே கிடைக்கவில்லையே என்றேன். "ஆவியாப் போயிருக்கும்" என்று வாய் நிறையச் சுளையோடு சிரித்தார். சாண் நீள இரும்பு அரை நொடியில் ஆவியாவதற்கு என்ன சூடு வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அவரும் என்னைப்போல இதைப் படித்துவிட்டு வந்தவர்தான். திரியைக் கீழே வைத்தபோது கரி வலது கீழ் மூலையில் விழுந்தது. "போட்டோவ ஏன் பக்கத்துல வைக்கிற? வீடியோ மட்டும் போதும். அந்தச் சிவப்பயும் எடுத்துடு, பாக்கறவங்க பயந்துடுவாங்க" என்றார். தீயின் சிவப்பை எடுத்து நீலமாக்கினேன். மனுஷன் வெந்ததை நீச்சல்குளம் மாதிரி ஆக்கிக் கொடுத்த கை இது.

வீட்டில் சொன்னேன். "உனக்கு எதுக்கு வம்பு? சொன்னத செஞ்சுட்டு வா" என்றார் வீட்டுக்காரர். அவர்மேல் கோபம்கூட வரவில்லை. நானும் எனக்கு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதுதான் அருவருப்பாக இருந்தது. கையை எத்தனை முறை கழுவியும் ஆரஞ்சு வாடை போகவில்லை.

விசாரணை மறுநாள் காலை பதினொரு மணிக்கு, எங்கள் அறையிலேயே. எலக்ட்ரீஷியன் மனைவியோடு வந்தார். இரண்டு கையிலும் தலையணை அளவுக்குக் கட்டு. அந்த அம்மா ஒரு தோள்பையைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். விளக்கை அணைத்து வீடியோவைச் சுவரில் ஓட்டினேன்.

"இவ்ளோ நேரமா எரிஞ்சுது?" என்று கேட்டார் எலக்ட்ரீஷியன்.

"அரை செகண்டுதான்ணே. இழுத்துக் காட்டுறோம்."

"நீலமா இருக்கே. எனக்கு வெள்ளையாத்தான் தெரிஞ்சுது." மேலாளர் கீழ்ப் பட்டையைக் காட்டி ஸ்பேனர் கதையைச் சொல்ல, அவர் கேட்டார். "அப்ப ஸ்பேனர நான்தான் விட்டுட்டேனா?"

"இவரு பையில பதினோரு ஸ்பேனர்ங்க. பதினொண்ணும் இருக்கு, எண்ணிட்டுத்தான் எடுத்தாந்தேன்" என்றார் அந்த அம்மா.

"கடையில ஒண்ணு வாங்கிப் போட்டுக்க முடியாதாம்மா?" என்றார் மேலாளர், மிக அன்பாக.

அந்த அம்மாவின் முகம் செத்துவிட்டது. எலக்ட்ரீஷியன்தான் அவரை அடக்கினார். "விடு. வலியில எனக்கு என்ன ஞாபகம் இருக்கு? கம்ப்யூட்டருக்கு என்மேல என்ன கோவம், பொய் சொல்றதுக்கு?" சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "மேடம் போட்டதுதானே. தப்பா இருக்காது."

என்னைத் திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலை. அவர் தன் இருபத்தேழு வருஷத்தைவிட என் திரியை நம்பினார்.

மேலாளர் விளக்கைப் போட்டுவிட்டு ஒரு தாளையும் மைப்பெட்டியையும் எடுத்தார். தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளும் தாள். கட்டுப்போட்ட கைகளைப் பார்த்துச் சற்று யோசித்தார். "கால் கட்டைவிரல் போதும், செல்லும்" என்று தாளைத் தரையில் விரித்து, பறக்காமலிருக்க ஓரத்தில் தன் ஷூவை வைத்துக்கொண்டார். எலக்ட்ரீஷியன் மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றினார். குனிந்து அவர் விரலில் மையைத் தடவியது அந்த அம்மாதான்.

நான் எழுந்தேன்.

"அண்ணே, காலக் கீழ வைக்காதீங்க."

அறையில் எல்லாரும் திரும்பினார்கள். என் குரல் எனக்கே ஓங்கிக் கேட்டது. "இன்னொரு வீடியோ இருக்கு. இந்தத் தீ எங்க ஆரம்பிக்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லல. நான்தான் வச்சேன்."

"ஏம்மா" என்றார் மேலாளர். அவ்வளவுதான் சொன்னார், ஷூவை எடுக்கவில்லை.

மேல் போல்ட்டில் திரி வைத்த பழைய கோப்பைத் திறந்தேன். பெரிய கோப்பு, சுவரில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. விசைப்பலகைக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்த புகைப்படத்தை எடுத்து உதறினேன், காய்ந்த கொட்டைகள் தரையில் தெறித்து ஓடின. எலக்ட்ரீஷியன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சுவரையே பார்த்தார். அவர் குதிகாலை அந்த அம்மா இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தார். தாளுக்கு ஒரு சாண் மேலே, நீல மை பூசிய கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.