கவிழ்ந்த ரொட்டி

விடியலுக்கு முன்பே பிஷ்கெக் நகரத்தின் மேல் நிலக்கரிப் புகை இறங்கிவிடும். மூச்சை இழுத்தால் தொண்டையில் கரி அப்பும். அந்தப் புகைக்குள் சிற்றுந்தில் தொங்கிக்கொண்டு வந்து, பனி உறைந்த படிகளில் சுவரைப் பிடித்தபடி இறங்கி, நிலத்தடி அறைக்குள் நுழைந்தாள் சைக்கால். மற்ற நாலு பேரும் ஏற்கெனவே திரைகளுக்கு முன்னால் குனிந்திருந்தார்கள். யாரும் மேல்கோட்டைக் கழற்றவில்லை. முதலாளி வருகிற நேரத்துக்குத்தான் அங்கே வெப்பக் குழாய்க்கு உயிர் வரும்.

ஊர் கண் விழித்துக் கைப்பேசியைத் தடவுவதற்குள் விளம்பரங்களை அனுப்பிவிட வேண்டும். செருப்புக்கடை, பல் வைத்தியர், கோழித் தீவனம் என்று ஆளுக்கு ஒரு மூட்டை. நூறு பேர் கண்ணில் பட்டால் அதில் எத்தனை பேர் அமுக்கினார்கள் என்று திரையில் எண் ஓடும். அதற்குக் கிளிக் விகிதம் என்று பெயர். எண் ஏறுகிற விளம்பரத்துக்குத் தீனி போடுவார்கள். இறங்குவதன் கழுத்தை நெரிப்பார்கள். மாதக் கடைசியில் அதே எண்ணை வைத்துத்தான் இவர்கள் கூலியும் ஏறும், இறங்கும். மணிக்கட்டு வீங்கிப்போகும். கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் உறுத்தும். சைக்கால் விறைத்த விரல்களைத் தேநீர்க் கிண்ணத்தில் ஒட்டிச் சூடாக்கிக்கொண்டு மறுபடி மவுஸைப் பிடித்தாள்.

பக்கத்து மேசை ஜிபெக்குடையது. மூத்தவள், எல்லாருக்கும் அவள் எஜே, அதாவது அக்கா. ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன புருஷன் போனவன்தான். இரண்டு பிள்ளைகளும் படுக்கையில் கிடக்கும் மாமியாரும் அவள் ஒருத்தியின் கையை நம்பி இருந்தார்கள். அந்தக் கைக்குக் கிடைத்ததோ கல்லறைக்கல் செதுக்குகிறவரின் விளம்பரம்.

"எப்படி எஜே ஓடுது?"

"நூத்துக்கு அரை. கல்லறைக்கல்லை எவன்டி ஆசைப்பட்டு அமுக்குவான்? ஆனா அமுக்கினவன் எவனும் வாங்காமப் போனதில்ல."

"செத்தவங்களுக்கும் போன் இருந்தா நீதான் இங்க ராணி."

"வாயைக் கழுவு. வேலையப் பாரு."

சைக்காலின் மூட்டையில் அன்று ஹாலிமாவின் ரொட்டிக்கடையும் இருந்தது. ஹாலிமா நாலைந்து படங்கள் அனுப்பியிருந்தாள். ஒன்றில், அடிப்பாகம் கருகாமல் வெந்திருப்பதைக் காட்ட, ரொட்டியின் அடியைத் திருப்பிக் கையில் தூக்கிப் பிடித்திருந்தாள். பொன்னிறம் பளிச்சென்று இருந்தது. தூக்கம் சொக்கிய கண்ணோடு சைக்கால் கையை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, ரொட்டியை ஒரு பூப்போட்ட விரிப்பின் மேல் ஒட்டி அனுப்பிவிட்டாள்.

விரிப்பில் ரொட்டி குப்புறக் கிடந்தது.

அந்த மண்ணில் ரொட்டியைக் கவிழ்த்து வைக்க யாருக்கும் கை வராது. குழந்தை தெரியாமல் வைத்தால்கூடப் பெரியவர்கள் பதறிப்போய் நிமிர்த்துவார்கள். பொழுது நன்றாகப் புலர்வதற்குள் எண் துள்ளத் தொடங்கியது. நூற்றுக்கு ஒன்று, இரண்டு, ஐந்து. அமுக்கியவர்கள் எல்லாரும் கடையின் இணையப் பக்கத்துக்குள் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார்கள்.

ஹாலிமா தொலைபேசியில் அழுதாள். "என்னம்மா பண்ணி வச்சிருக்கே? கடை வாசல்லயே வந்து சாபம் விடுறாங்க. சுட்ட ரொட்டி அத்தனையும் அப்படியே கிடக்கு."

"என் தப்புதான் எஜே. இதோ நிறுத்திடறேன்," என்றாள் சைக்கால். அவள் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"கைய எடு."

முதலாளி குபானிச். எல்லாரும் அவரைப் பைக்கே, அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். நரித்தோல் தொப்பியைக் கழற்றாமலே திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஆறாயிடுச்சே. எப்படிப் பண்ணினே?"

"பைக்கே, அது கோபம். திட்டுறதுக்காக அமுக்குறாங்க. ஒரு ரொட்டிகூட விக்கல."

"திட்டினா என்ன, கொஞ்சினா என்ன? விரல் விரல்தான். கடைக்காரங்ககிட்ட நான் காட்டுறது திரையில ஓடுற எண்ணை. ரொட்டியை இல்ல."

பிறகு அறையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "எல்லாரும் கேட்டுக்கங்க. இவளால ஆறு முடியுதுன்னா உங்களால மூணு முடியும். இனி மூணுக்குக் கீழ இருக்கிறவங்களுக்குப் பாதிக் கூலி. ஜிபெக், உனக்கு அதுவும் இல்ல. நாளையிலேருந்து உன் இடத்துக்கு வேற ஆள்."

ஜிபெக் எழுந்திருக்கவில்லை. "கல்லறைக்கல்லுக்கு மூணு வேணும்னா ஊர்ல கொள்ளைநோய் வரணும் பைக்கே."

"வாய் மட்டும் நூத்துக்கு நூறு," என்றார் அவர். கிளம்பும்போது சைக்காலின் தோளைத் தட்டினார். "நீ இனி இவங்களுக்கு மேற்பார்வை. தனி அறை. கணப்பும் உண்டு."

கதவு சாத்திய பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஜிபெக் தன் கிண்ணத்தைக் கழுவிப் பைக்குள் வைத்தாள்.

"உன் ரொட்டி என் தலையிலதான்டி கவிழ்ந்துச்சு," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சைக்காலைச் சுட்டது. ஊரில் ஆயிரம் பேர் திட்டியது அவள் தோலோடு போயிருந்தது. இது எலும்பில் இறங்கியது.

"அந்த அறை எனக்கு வேணாம் எஜே."

"வேணாம்னா? அவன் இன்னொருத்திய உட்கார வைப்பான்."

"யாரும் உட்காரலைன்னா?"

மூலையிலிருந்து எல்தியார் கசப்பாகச் சிரித்தான். கோழித் தீவன விளம்பரத்தைப் பார்க்கிறவன், கடன் வாங்கித் தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தவன். "நாம எழுந்தா நாளைக்கே வரிசையில நிப்பாங்க. இந்த ஊர்ல ஆளுக்கா பஞ்சம்?"

"சரி, உட்காரு," என்றாள் சைக்கால். "இன்னைக்கு மூணு கேக்குறான். நாளைக்கு நீ எதையாவது கவிழ்த்து மூணு எடுத்தா ஆறு கேப்பான். அப்புறம் எதைக் கவிழ்ப்ப? உங்கம்மா படத்தையா?"

எல்தியார் தன் வீங்கிய மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். பிறகு, "எங்கம்மா படத்தைப் போட்டா ஒருத்தனும் அமுக்க மாட்டான்," என்றான். முதலில் சிரித்தது ஜிபெக்தான். சைக்கால் ஹாலிமாவின் விளம்பரத்தை நிறுத்தினாள். இந்த முறை கையை எடு என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

மறுநாள் விடியலில் அவர்கள் உள்ளே போகவில்லை. பனிப் படிகளில் அட்டையைப் போட்டு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜிபெக் நடுவில். கீழே பூட்டிய அறைக்குள் திரைகள் கறுத்துக் கிடந்தன. ஊர் கைப்பேசியைத் தடவியது; புது விளம்பரம் எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை.

குபானிச் வந்தார். படிக்கட்டில் கால் வைக்க இடம் இல்லை.

"இதென்ன சந்தையா? எழுந்திருங்க."

"பழைய கூலி. ஜிபெக் எஜேக்கு வேலை. எங்களை எடை போடுறதுன்னா, எவ்வளவு வித்ததுன்னும் பாருங்க," என்றாள் சைக்கால்.

"உனக்குத் தனி அறை குடுத்தேனே, நன்றி கெட்டவளே."

"அதுல அஞ்சு பேர் உட்கார முடியாது பைக்கே."

"மத்தியானத்துக்குள்ள ஆள் நிரப்பிடுவேன்," என்று கைப்பேசியை எடுத்துக்கொண்டு காருக்குள் ஏறினார். அவர் சொன்னது பொய்யில்லை. சற்று நேரத்தில், நைந்த கம்பளிச் சால்வை போர்த்திய ஒரு பெண் முகவரிச் சீட்டோடு வந்து நின்றாள். இமைகளில் பனி ஒட்டியிருந்தது. வெகுதூரம் நடந்தே வந்திருப்பாள்போல.

"விளம்பர ஆபீஸ் இதுதானா? இன்னைக்கு வேலைல சேரச் சொன்னாங்க."

"இதுதான்," என்றான் எல்தியார்.

அந்தப் பெண் பூட்டிய கதவைப் பார்த்தாள். படியில் இருந்த முகங்களைப் பார்த்தாள். "யாரோட இடம்?"

"என்னோடது," என்றாள் ஜிபெக்.

கார் கண்ணாடி இறங்கியது. "ஏம்மா, அங்க என்ன பேச்சு? இவங்களைத் தாண்டி உள்ள போ," என்று குபானிச் சாவியை நீட்டினார்.

அவள் சாவியைப் பார்த்தாள். அவளுக்கும் அடுப்பு எரிய வேண்டும். அது அவள் காலணியைப் பார்த்தாலே தெரிந்தது. காற்று அவள் கையிலிருந்த சீட்டைப் படபடக்க வைத்தது. யாரும் அவளைக் கெஞ்சவில்லை. கெஞ்ச யாருக்கும் மனம் வரவில்லை.

அவள் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க," என்றாள். "நின்னா கால் விறைக்குது."