ஏழாவது தாள்

அபிகாயில் டேப்பை நகத்தால் சுரண்டி இழுத்தாள். தாளோடு சுவரின் பெயிண்டும் உரிந்து வந்தது.

"ஒட்டும்போதே சொன்னேன், கேட்டாரா?" என்றாள். ஹாலின் நடுவே ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்த கணவன் பக்கம் திரும்பவில்லை.

பிளஸ்ஸன் நேற்றுக் காலை மாரடைப்பில் போய்விட்டான். வயது நாற்பத்தாறு. நாலு மணிக்கு சபை ஐயர் ஜெபத்துக்கு வந்துவிடுவார். அதற்குள் பெட்டியைச் சுற்றி நின்று குடும்பமாகப் போட்டோ எடுத்தாக வேண்டும்.

"சீக்கிரம் அபி. போட்டோல பின்னால இந்தக் குப்பைதான தெரியும்," என்றாள் பிளஸ்ஸனின் அக்கா கனகமணி.

"பிச்சுக்கிட்டுதான இருக்கேன் மைனி."

குப்பைதான். பேகம்பேட் அலுவலகத்தில் அவன் கட்டிக்கொண்டு அழுத பழைய புரோகிராமின் படம். யார் யாரோ எழுதிவிட்டுப் போன லட்சக்கணக்கான வரிகள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டம், எது எதைக் கூப்பிடுகிறது என்று காட்ட அம்புக்குறிகள். கம்ப்யூட்டரில் துண்டு துண்டாகத்தான் தெரிகிறதாம். இருபது தாள் ஒட்டினான். கல்யாணப் போட்டோ அலமாரிக்குள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவர் முன்னால் நிற்பான். மூன்று முறை கூப்பிட்டால் ஒரு "ம்" வரும். இரண்டு வருடமாக இதே பாடு.

மாலை வைத்துவிட்டு அலுவலகத்து ரஞ்சன் தயங்கி நின்றான்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. அந்தத் தாளெல்லாம் எங்களுக்கு வேணும். அது இல்லாம அந்தப் புரோகிராம் யாருக்கும் புரியாது."

"எடுத்துட்டுப் போங்க. ஆளையே எடுத்துக்கிட்டீங்க, பேப்பர் என்ன?"

ரஞ்சன் உரிக்க உதவினான். கடைசித் தாளில் அவள் கை வைத்ததும் பதறினான்.

"ஏழாவது தாள் பத்திரம் அக்கா. நாங்க மூணு மாசம் தேடின தப்பு அதுலதான் சிக்குச்சு. வீட்டுல கண்டுபிடிச்சாங்கன்னு சார் எல்லார்கிட்டயும் சொல்லுவாரு."

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு கட்டத்திலிருந்து கிளம்பிய அம்பு, சுற்றிவந்து அதே கட்டத்தில் நின்றது. பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் அவன் கையெழுத்து: 'இது ஏன் கிளம்புன இடத்துக்கே திரும்புது? – அபி.'

என்றைக்கோ அவள் துடைப்பத்தோடு நின்று எரிச்சலில் கேட்ட கேள்வி. அன்றைக்கும் "ம்" என்றுதான் சொன்னான். ஊருக்கெல்லாம் சொன்னவன் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"இதை மட்டும் போன்ல படம் பிடிச்சுக்கோங்க," என்றாள் ரஞ்சனிடம்.

போட்டோக்காரர் பாபு கேமராவைத் தூக்கினார். "பின்னால ஒரு பேப்பர் தெரியுதே, எடுத்துரலாமா?"

கனகமணியின் கை சுவருக்குப் போனது.

"நக்கோ மைனி, வேண்டாம். இருக்கட்டும்."

தன் தலை தாளை மறைக்காதபடி அபிகாயில் அரையடி தள்ளி நின்றாள்.