ஒன்பதாவது எண்

மார்ச் 9, திங்கட்கிழமை காலை 11.20 மணிக்கு, பேருந்து நிலையத்துக்கு எதிரே முதல் மாடியில் உள்ள செவித்திறன் பரிசோதனைக் கூடத்தில், அச்சுப் பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. பத்து நாளில் இது ஆறாவது முறை.

மென்பொருளை எழுதியவளுக்குக் கூடத்தை நடத்துபவர் அண்ணி முறை. இரண்டு வருடம் பாடுபட்டு எழுதியதை இதுவரை வாங்கிய ஒரே ஆளும் அவர்தான். வெள்ளிக்கிழமை ஒரு தொழிற்சாலையிலிருந்து நாற்பத்திரண்டு பேர் வருகிறார்கள். அதற்குள் சரியாகாவிட்டால் பழைய மென்பொருளுக்கே போய்விடுவதாக அண்ணி சொல்லிவிட்டார்.

அச்சிடும்போது மூடிக்கொள்வதால், நாத்தனார் அச்சிடும் பகுதியை வரிவரியாகப் பார்த்தாள். பிழை இல்லை. தன் கணினியில் இருநூறு முறை அச்சிட்டாள், ஒழுங்காக வந்தது. அச்சு இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டு வேறொன்று மாட்டச் சொன்னாள். அதிலும் மூடிக்கொண்டது. ஒவ்வொரு அடியையும் பதிவு செய்யும் கண்காணிப்புப் பதிப்பை அனுப்பினாள். அது இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. எடுத்ததும் பழையபடி ஆனது. ஏதோ ஓர் எண் தன் இடத்தைத் தாண்டி நினைவகத்தில் அடுத்த இடத்தில் எழுதப்படுகிறது என்பது வரை ஊகித்தாள். கண்காணிப்புப் பதிப்பில் இடங்களுக்கு நடுவே இடைவெளி உண்டு, அதனால் பக்கத்து இடம் மிதிபடுவதில்லை. எந்த எண், எப்போது என்பதுதான் பிடிபடவில்லை.

புதன்கிழமை நேரில் போனாள். முதல் மூன்று பேருக்கும் எல்லாம் சரியாக நடந்தது.

“உன் ப்ரோக்ராமும் உன்னை மாதிரியேதான்,” என்றார் அண்ணி. “ஆள் பாத்தா அடக்க ஒடுக்கம்.”

நான்காவது ஆள் ஒரு வெல்டர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினார். ஒரு காதுக்கு எட்டு சத்தம்; ஒவ்வொன்றும் குறைந்தது எந்த அளவில் கேட்கிறது என்பது ஓர் எண்ணாகப் பதிவாகும். இடது காதில் எட்டும் முடிந்தபின் அண்ணி இன்னொன்று கொடுத்தார்.

“அண்ணி, இப்ப என்ன பண்ணீங்க?”

“முதல் சத்தத்தையே திரும்பக் குடுத்தேன். ரெண்டு தடவையும் வேற வேற மாதிரி வந்தா, ரெண்டையும் வச்சுப்பேன்.”

“காதுக்கு எட்டுன்னுதானே சொன்னீங்க?”

“எட்டுதான். இது ஒன்பதாவது இல்லையே. முதலாவதுதான், இன்னொரு தடவை.”

அச்சுப் பொத்தானை அழுத்தினார். திரை மூடிக்கொண்டது. கூண்டை விட்டு வந்த வெல்டர், தான் எதையாவது தப்பாக அழுத்திவிட்டோமா என்று விசாரித்தார்.

அவள் காதுக்கு எட்டு இடம்தான் ஒதுக்கியிருந்தாள். இடது காதின் ஒன்பதாவது எண், பக்கத்திலிருந்த அச்சுக்கான குறிப்பை அழித்தது. காதுக்கு ஓர் இடம் கூட்டினால் போதும். அரை மணி நேர வேலை. அதை முடித்த பிறகுதான் வலது காதின் ஒன்பதாவது எண் எங்கே போகும் என்று யோசித்தாள். வலது காதுக்குப் பக்கத்தில் இருந்தது இடது காதின் முதல் எண். பொதுவாக எல்லோரும் செய்வதுபோல வலது காதை முதலில் சோதித்தால் கேடில்லை. பின்னால் வரும் இடது காதின் எண் அதன் மேலேயே எழுதிக்கொள்ளும். ஆனால் அண்ணி நன்றாகக் கேட்கும் காதிலிருந்து தொடங்குபவர். இடது காது முந்தினால், பிறகு வரும் வலது காதின் ஒன்பதாவது எண்ணால் அதன் முதல் எண் சத்தமில்லாமல் மாறிப்போகும். மென்பொருள் மூடிக்கொள்ளாது. அறிக்கை அழகாக அச்சாகும்.

சேமித்த கோப்புகளைத் தேடினாள். அப்படிப் பதினோரு பேர் இருந்தார்கள்.

திருத்தத்தை மட்டும் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். அண்ணி கேட்டிருக்க மாட்டார். அவள் பட்டியலை எடுத்துக் காட்டினாள். எந்தக் காது, எந்தக் காது என்று அண்ணி இரண்டு முறை கேட்டார்.

“மூடிக்கிட்டப்பெல்லாம் திட்டினேன்,” என்றார். “ஒழுங்கா அச்சடிச்சுக் குடுத்ததுதான் தப்பானதா?”

“பதினொண்ணு மட்டும், அண்ணி. இப்ப சரி பண்ணிட்டேன்.”

“போன வாரமும் சரியாத்தான இருந்துது, நான் பாத்த வரைக்கும்.”

வெள்ளிக்கிழமை நாற்பத்திரண்டு பேருக்கும் பழைய மென்பொருளில் பரிசோதனை நடந்தது. பதினோரு பேரையும் திரும்ப அழைத்தார்கள். ஒன்பது பேர் வந்தார்கள்.