சிலிண்டருக்குத் தைத்த சட்டை

சோபாப் பட்டறை முதலாளிக்கு எந்தப் பொருளும் உறையில்லாமல் இருந்தால் ஆகாது. ரிமோட்டுக்கு உறை, கால்குலேட்டருக்கு உறை, டேபிள் ஃபேனுக்கு உறை. சோதனைக்கு வந்த அதிகாரி முறைத்ததால் வேண்டாவெறுப்பாக ஒரு தீயணைக்கும் சிலிண்டர் வாங்கினார். அதற்கும் மெரூன் ரெக்சினில் உறை தைத்தார். ஜிப் கிடையாது, கழுத்திலிருந்து அடிவரை சுற்றித் தையல்.

அவர் தங்கைக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது. பட்டறையில் துணி வெட்டுகிறவள் அவள். வாயும் அதே தினுசு என்பதால் எல்லோருக்கும் கத்திரியக்கா.

"அண்ணே, அவசரத்துக்கு இத எப்படிக் கழட்டுறது?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? தூசி படாம பத்து வருஷம் கெடக்கும்."

அது மட்டுமா? பின்கதவுக்குப் பூட்டு, சாவி அவர் இடுப்பில். துணி களவு போகிறதாம். அந்தக் கதவுள்ள அறையில் ஃபோமுக்குப் பசை தடவுகிறவர் கத்திரியக்காவின் புருஷன். முழங்கால் தேய்ந்த மனுஷன், எழுந்து நிற்கவே நேரமாகும். அந்த அறை வாசலிலேயே ஒரு பிளக் பாயிண்ட். பிளக் இல்லாமல் வெறும் வயரை நுழைத்து, நழுவாமலிருக்கத் தீக்குச்சி செருகியிருந்தார்கள். தீக்குச்சி! அதையும் அவள் சொல்லாத நாளில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

முதலாளி டீ குடிக்கப் போயிருந்த ஒரு மத்தியானம் அந்தப் பாயிண்டில் பொறி தெறித்தது. கீழே குவிந்திருந்த ஃபோம் துண்டுகள் குப்பென்று பிடித்தன. கரும்புகை கூரையைத் தொட்டது. சோபாச் சட்டத்துக்கு ஆணியடிக்கிறவர் மெயினை அணைத்துவிட்டு எல்லோரையும் தெருவுக்குத் தள்ளினார். வெளியே வந்த கத்திரியக்கா சுற்றிலும் பார்த்தாள். புருஷனைக் காணவில்லை. உள்ளேயிருந்து பின்கதவை யாரோ இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அவள் உள்ளே ஓடிச் சிலிண்டரைத் தூக்கினாள். உறை அசையவில்லை. பல்லால் கடித்தாள், நகம் பிய்ந்தது. அண்ணன் தையல் லேசில் பிரியாது என்று ஊரே மெச்சும், நாசமாய்ப் போன தையல். கடைசியில் மேஜையிலிருந்த கத்திரியை எடுத்து ரெக்சினைக் குத்திக் கிழித்தாள். சிலிண்டர் பிடியிலிருந்த ஊசியை இழுத்து அழுத்தியதும் வெள்ளைத் தூள் சீறியது. தீ அடங்கும்போது இடிக்கிற சத்தமும் நின்றிருந்தது.

ஆணியடிக்கிறவர் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு நுழைந்து, அவள் புருஷனைத் தோளில் தாங்கி இழுத்து வந்தார். மூச்சு இருந்தது. இரண்டு கை முட்டியும் தோலுரிந்து ரத்தம் வழிந்தது. ஆட்டோ பிடிக்க ஒருவர் ஓடினார்.

அப்போதுதான் முதலாளி வந்தார். கரிந்த சுவரைப் பார்த்தார். தரையில் கிடந்த மெரூன் ரெக்சினை எடுத்துத் தட்டினார்.

"இத யாரு கிழிச்சது? சரி போகட்டும், அடுத்ததுக்கு ஜிப் வச்சிடலாம்."

கூடப்பிறந்தவனாயிற்றே என்று இத்தனை வருஷம் பல்லைக் கடித்தவள் அவள். இனிக் கடிக்கப் பல் இல்லை. புருஷனை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "பின்னாடியே வரேன்" என்று சொல்லித் திரும்பினாள். சாவி கேட்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பின்கதவின் கீல்களைக் கழற்றினாள், பூட்டுத் தொங்கிய கொண்டியையும் பெயர்த்தாள். வெளிச்சமும் காற்றும் உள்ளே வந்தன.

"ஏய், என்ன பண்ற? திருடன் வந்தா?"

"வரட்டும். அவனுக்காவது திரும்பிப் போக வழி இருக்கும்."

ஆணியடிக்கிறவரும் அவளுமாகக் கதவைத் தூக்கி வந்து முதலாளியின் மேஜைமேல் கிடத்தினார்கள், உள்பக்கம் மேலாக. பலகை முழுக்க முட்டி பட்ட இடமெல்லாம் ரத்தம். இன்னும் காயவில்லை.

"இதுக்கும் ஒரு உறை தச்சுப் போடுண்ணே," என்றாள். "தூசி படப்போகுது."